கண்ணில் நிழல் தெரிந்தால்: எதற்குப் பொறுக்கலாம், எதற்கு உடனே கிளம்ப வேண்டும்

எங்கள் பெரியப்பாவின் வலது கண் ஓரத்தில் ஒருநாள் கறுப்பாக ஏதோ வந்து நின்றது. மூக்குக் கண்ணாடியில் அழுக்கு என்று நினைத்து இரண்டு நாள் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். வலி இல்லை, சிவப்பு இல்லை, நீர் வடியவும் இல்லை. செய்தித்தாளை எப்போதும் போல வாசித்துக்கொண்டிருந்ததால் யாரிடமும் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் எழுத்துகள் நெளிய ஆரம்பித்த பிறகுதான் "கண்ணில ஏதோ நிழலாடுதுப்பா" என்றார். ஆபரேஷன் நடந்தது, கண்ணும் பிழைத்தது. ஆனால் அந்தக் கண்ணால் அவர் மறுபடி வாசிக்கவே இல்லை.

முதல் நாளே போயிருந்தால் வாசிக்கும் பார்வை தங்கியிருக்க நல்ல வாய்ப்பு இருந்தது. "நல்லாத்தானே தெரியுது" என்று நாம் தள்ளிப்போடுகிற அந்த நாட்கள்தான் சிகிச்சைக்கு மிக நல்ல நாட்கள். இந்தக் கட்டுரையை நான் எழுதுவது அதைச் சொல்லத்தான். எல்லா நிழலும் ஆபத்து இல்லை; பெரும்பாலானவை வெறும் தொந்தரவு. எது எந்த வகை என்று ஓரளவு பிரித்தறிய வீட்டிலேயே செய்யக்கூடிய இரண்டு மூன்று சோதனைகள் இருக்கின்றன. அவற்றை வைத்து நோயைக் கண்டுபிடிக்க முடியாது. எவ்வளவு அவசரம் என்று முடிவு செய்யலாம், அவ்வளவுதான்.

நிழல் எங்கிருந்து வருகிறது?

கண்ணின் முன்பக்கம் வழியாக ஒளி நுழைகிறது. பின்சுவரில் ஒட்டியிருக்கும் மெல்லிய படலமான விழித்திரையில், அதாவது ரெட்டினாவில், போய் விழுகிறது. அங்கிருந்து பார்வை நரம்பு வழியாக மூளைக்குப் போகிறது. இந்தப் பாதையில் நிழல் நான்கு விதமாக உண்டாகலாம்.

ஒளி போகும் வழியில் ஏதாவது மிதந்தால் அதன் நிழல் ரெட்டினாவில் விழும். அது ஆடும், நகரும். ரெட்டினாவே ஓரிடத்தில் பழுதானால் அந்த இடம் இருட்டாகும்; அந்த இருட்டு நகராது. கண்ணுக்கு வரும் ரத்தம் சற்று நேரம் தடைபட்டால் பார்வை மங்கி, பிறகு திரும்பி வரும். கண் நன்றாக இருந்து மூளையில் பார்வைக்கான பகுதி பாதிக்கப்பட்டால் இரண்டு கண்ணிலும் ஒரே பக்கம் மறையும். இந்த நான்கையும் மனதில் வைத்துக்கொண்டால் கீழே வருவதெல்லாம் எளிதாகப் புரியும்.

முதல் வேலை: ஒரு கண்ணை மூடிப் பாருங்கள்

இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டு நிழலை ஆராய்வதுதான் எல்லோரும் செய்கிற தவறு. ஒரு கண் விட்டதை மறு கண் நிரப்பிவிடும். இப்படித்தான் ஒரு கண்ணின் பார்வை பாதி போன பிறகும் பலருக்குத் தெரியாமலே இருக்கிறது.

வழக்கமாகப் போடும் கண்ணாடியைப் போட்டுக்கொள்ளுங்கள். வெறும் சுவர் ஒன்றின் முன் உட்காருங்கள். உள்ளங்கையைக் குழித்து ஒரு கண்ணை மூடுங்கள். விழியை அழுத்தக் கூடாது, அழுத்தினால் கையை எடுத்த பிறகு அந்தக் கண் கொஞ்ச நேரம் மங்கலாகத் தெரிந்து உங்களைக் குழப்பும். திறந்த கண்ணால் நேரே ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டே மேலே, கீழே, மூக்குப் பக்கம், காதுப் பக்கம் எல்லாம் வெளிச்சம் ஒரே மாதிரி இருக்கிறதா என்று கவனியுங்கள். அப்புறம் மறு கண்.

ஒரு கண்ணில் மட்டும் நிழல் என்றால் சிக்கல் அந்தக் கண்ணிலோ, அதன் நரம்பிலோ, அதற்குப் போகும் ரத்தக்குழாயிலோ இருக்கிறது. இரண்டு கண்ணிலும் ஒரே பக்கம் மறைந்தால் மூளையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். "இடது கண் தெரியவில்லை" என்று வருகிறவர்களில் சிலருக்கு உண்மையில் இடது கண் நன்றாகவே இருக்கும். இரண்டு கண்ணுக்கும் இடது பாதி உலகம்தான் மறைந்திருக்கும். ஒவ்வொன்றாக மூடிப் பார்க்காமல் இந்த வேறுபாடு பிடிபடாது. கண் மருத்துவமனைக்குப் போவதா, பக்கவாத சிகிச்சை உள்ள பெரிய மருத்துவமனைக்குப் போவதா என்பதே இதில் இருக்கிறது.

இப்படிச் சோதிக்கும்போது புதிதாக ஒரு பயம் வரலாம். ஒவ்வொரு கண்ணிலும், பார்க்கும் புள்ளியிலிருந்து காதுப் பக்கமாகச் சுமார் 15 டிகிரி தள்ளி, இயற்கையாகவே ஒரு குருட்டுப் புள்ளி உண்டு. பார்வை நரம்பு கண்ணை விட்டு வெளியேறும் இடம் அது. அங்கே ஒளியை உணரும் செல்கள் இல்லை. எட்மே மாரியோட் என்ற பிரெஞ்சு அறிஞர் 1660களிலேயே இதைக் கண்டு சொல்லியிருக்கிறார். அந்த இடம் கறுப்பாகத் தெரியாது. சிறிய பொருளை அங்கே கொண்டுபோனால் மட்டும் காணாமல் போகும். இரண்டு கண்ணிலும் அதே தூரத்தில் இருந்தால் அதுதான். கவலை வேண்டாம்.

இரண்டாவது: நகர்கிறதா, நிற்கிறதா?

கண்ணைச் சட்டென்று இடமும் வலமும் ஓட்டி நிறுத்துங்கள். நீங்கள் நிறுத்திய பிறகும் நிழல் கொஞ்சம் வழுக்கிப் போய், ஆடி, மெல்ல அடங்கினால் அது மிதப்பது. கண் எங்கே நிற்கிறதோ அங்கேயே அதுவும் ஒட்டிக்கொண்டு நின்றால், எந்தப் பக்கம் பார்த்தாலும் பார்வையின் அதே மூலையில் இருந்தால், அது ரெட்டினாவிலோ நரம்பிலோ இருப்பது. நிற்கிற நிழல் புதிதாக வந்திருந்தால் யோசிக்க ஒன்றுமில்லை, கண் டாக்டரிடம் போக வேண்டும். ஆனால் நகர்கிறது என்பதற்காக மட்டும் நிம்மதி அடைந்துவிடவும் முடியாது. ஏன் என்று சொல்கிறேன்.

பூச்சி பறப்பது

"கண்ணில் பூச்சி பறக்கிறது", "நூல் மாதிரி ஒன்று ஓடுகிறது" என்பார்கள். டாக்டர்கள் ஃப்ளோட்டர்ஸ் என்பார்கள். லத்தீனில் இதற்கு வைத்த பழைய பெயருக்கும் 'பறக்கும் ஈக்கள்' என்றுதான் பொருள். எந்த மொழிக்காரரும் கொசு, ஈ, பூச்சி என்று ஒரே மாதிரிதான் இதைப் பார்த்திருக்கிறார்கள்.

கண்ணின் பின்னறை முழுக்க ஒரு தெளிந்த ஜெல்லி நிரம்பியிருக்கிறது. விட்ரியஸ் என்று பெயர். அளவு சுமார் 4 மில்லி லிட்டர். பெரும்பகுதி தண்ணீர்தான், அதற்குள் மிக நுண்ணிய கொலாஜன் இழைகள். வயது ஏற ஏற ஜெல்லி இளகித் தண்ணீராகிறது, இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிச் சிறு சிறு திரள்களாகின்றன. நமக்குத் தெரிவது அந்தத் திரள்கள் ரெட்டினாவில் போடும் நிழல். வெளுத்த வானம், வெள்ளைச் சுவர், கணினித் திரை ஆகியவற்றைப் பார்க்கும்போது இவை அதிகம் தெரிவதற்குக் காரணம் உண்டு. வெளிச்சத்தில் கண் பாப்பா சுருங்கும். ஒளி சிறிய துளை வழியாக வரும்போது நிழல் கூர்மையாக விழும். கிட்டப்பார்வை உள்ளவர்களுக்கு இருபது வயதிலேயே இது இருக்கலாம்.

பல வருடமாக உங்களோடு இருக்கிற ஒன்றிரண்டு பூச்சிகள், அவற்றின் உருவமே உங்களுக்குப் பழக்கமாகியிருந்தால், அவசரம் இல்லை. அடுத்த வழக்கமான பரிசோதனையில் சொன்னால் போதும்.

புதிதாக வந்தவை வேறு கதை. பெரும்பாலும் ஐம்பது வயதுக்கு மேல், கிட்டப்பார்வைக்காரர்களுக்கு அதற்கு முன்பே, இளகிய ஜெல்லி சுருங்கி ரெட்டினாவிலிருந்து பிரிந்துகொள்ளும். இதை வயதின் இயல்பான மாற்றம் என்றே சொல்ல வேண்டும். எண்பதைத் தொடுகிறவர்களில் பெரும்பாலோருக்கு இது நடந்து முடிந்திருக்கும். அது நடக்கும் நாளில் திடீரென்று ஒரு பெரிய பூச்சி வந்து நிற்கும். சிலருக்கு வளையம் மாதிரி இருக்கும். பார்வை நரம்பைச் சுற்றி ஒட்டியிருந்த ஜெல்லி கழன்று வந்த அடையாளம் அந்த வளையம். பெரும்பாலோருக்குக் கதை இதோடு முடிந்துவிடும்.

ஆனால் ஜெல்லி சில இடங்களில் ரெட்டினாவை இறுக்கிப் பிடித்திருக்கும். பிரியும்போது அங்கே இழுத்துக் கிழித்துவிடலாம். புதிதாகப் பூச்சியோ மின்னலோ வந்து, ஜெல்லி பிரிந்ததாகத் தெரியவரும் பத்துப் பேரில் ஒருவருக்காவது கிழிசல் இருக்கிறது. கிழிசல் இருப்பவருக்கும் இல்லாதவருக்கும் தெரிவது அதே பூச்சிதான். அதனால்தான் நகர்கிற நிழலும் புதிது என்றால் ஓரிரு நாளுக்குள் காட்ட வேண்டும் என்கிறேன். இணையத்தில் நாலு கட்டுரை படித்து "இது சாதாரண ஃப்ளோட்டர்தான்" என்று முடிவு செய்யாதீர்கள். இந்தக் கட்டுரையைப் படித்தும் அப்படி முடிவு செய்யக் கூடாது. பாப்பாவை விரித்து ஓரம் வரை பார்த்தால் மட்டுமே தெரியும்.

ஒரேயடியாக நூற்றுக்கணக்கில், மிளகைத் தூவினாற்போலவோ புகை பரவினாற்போலவோ வந்தால் அன்றே போங்கள். அது பெரும்பாலும் ரத்தம். கிழிசல் ஒரு ரத்தக்குழாயைத் தாண்டிப் போயிருக்கலாம். நீண்ட நாள் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ரெட்டினாவில் புதிதாக முளைக்கும் நோஞ்சான் குழாய்கள் உடைந்து கசிந்திருக்கலாம். மருத்துவமனைக்குப் போகும் வரை தலையை உயர்த்தி வைத்துச் சாய்ந்திருப்பது நல்லது. ரத்தம் கீழே படியும், டாக்டருக்கும் உள்ளே பார்க்க வழி கிடைக்கும்.

மின்னல்

ரெட்டினாவுக்கு வலி தெரியாது. அதற்குத் தெரிந்தது ஒளி மட்டுமே. யாராவது இழுத்தாலும் அது 'ஒளி' என்றுதான் மூளைக்குச் சொல்லும். ஜெல்லி பிடித்து இழுக்கும்போது, இருட்டில், கண்ணைத் திருப்பும்போது, காதுப் பக்கத்து ஓரத்தில் ஒரு கணம் பளிச்சென்று கோடு அடிப்பது அதனால்தான். ஒரு கண்ணில் மட்டும் வரும். இதுவும் புதிது என்றால் பூச்சிக்குச் சொன்ன அதே விதிதான்; பூச்சியும் மின்னலும் சேர்ந்து வந்தால் அன்றே.

ஒற்றைத் தலைவலியின் மின்னல் வேறு மாதிரி. கோட்டைச் சுவர் போலக் கோணல் மாணலாக ஒரு மினுங்கும் கோடு பார்வையின் நடுப்பக்கம் தொடங்கி, வளைந்து, மெல்ல மெல்லப் பெரிதாகி வெளியே நகரும். இருபது முப்பது நிமிடம் இருக்கும், ஒரு மணி நேரத்துக்குள் போய்விடும். கண்ணை மூடினாலும் தெரியும். இரண்டு கண்ணிலும் இருக்கும். பிறகு தலைவலி வரலாம், வராமலும் போகலாம். முன்பே பழக்கப்பட்டவர் என்றால் பயமில்லை. வாழ்க்கையில் முதல் தடவை, அதுவும் ஐம்பதுக்கு மேல் என்றால் காட்டிவிடுங்கள்.

திரை இறங்குவது

இதைத்தான் நான் அதிகம் வலியுறுத்த விரும்புகிறேன். பெரியப்பாவுக்கு நடந்தது இதுதான்.

ரெட்டினாவில் கிழிசல் விழுந்தால், இளகிய நீர் அதன் வழியாக உள்ளே புகுந்து, சுவரில் ஒட்டிய போஸ்டர் மழையில் உரிவது போல ரெட்டினாவை உரித்தெடுக்கும். உரிந்த பகுதிக்குப் பின்சுவரிலிருந்து கிடைக்கும் ஊட்டம் நின்றுபோகும், அந்தப் பகுதி இருண்டுபோகும். பார்க்கிறவருக்கு ஓரத்திலிருந்து ஒரு கறுப்போ சாம்பலோ திரை நகர்ந்து வருவதாகத் தெரியும். சிலர் "மூக்கு பெரிதாகிவிட்ட மாதிரி இருக்கிறது" என்பார்கள், சிலர் "இமை தொங்குகிற மாதிரி". வலி துளியும் இருக்காது.

கண் லென்ஸ் உலகத்தைத் தலைகீழாகத்தான் ரெட்டினாவில் போடுகிறது. ஆகவே நிழல் கீழிருந்து எழுந்தால் உரிந்திருப்பது மேல்பகுதி. மேலே உரிந்தால் நீர் தன் கனத்தால் கீழே இறங்கி வேகமாகப் பரவும். அதனால் கீழிருந்து எழும் நிழல் சில சமயம் ஒரே நாளில் நடுப்பார்வையைத் தொட்டுவிடும். மேலிருந்து இறங்கும் நிழல் பொதுவாகக் கொஞ்சம் மெதுவாக வரும். அதற்காக அதைத் தள்ளிப்போடலாம் என்று அர்த்தம் இல்லை.

ரெட்டினாவின் நடுவில் மாக்குலா என்ற சிறு இடம் இருக்கிறது. வாசிப்பது, முகம் பார்த்து ஆளை அறிவது, ஊசியில் நூல் கோர்ப்பது எல்லாம் அதன் வேலை. உரிதல் மாக்குலாவை எட்டுவதற்கு முன் ஆபரேஷன் நடந்தால் நடுப்பார்வை பெரும்பாலும் தங்கிவிடும். எட்டிய பிறகு ரெட்டினாவைத் திரும்ப ஒட்டலாம்; பார்வை முழுதாகத் திரும்பும் என்று யாராலும் வாக்குக் கொடுக்க முடியாது. ஆகவே ஓரத்தில் திரையும் நடுவில் தெளிவும் இருக்கிற நேரம்தான் ஓட வேண்டிய நேரம். இரவானாலும் விடுமுறை நாளானாலும் கண் அவசர சிகிச்சை எங்கே இருக்கிறது என்று விசாரித்துப் போங்கள்.

நூறு வருடத்துக்கு முன் ரெட்டினா கழன்றால் பார்வை போனது போனதுதான். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேலை பார்த்த ஜூல் கொனின் என்ற டாக்டர்தான், கிழிசலே காரணம், அதைத் தேடிப்பிடித்து அடைத்தால் ரெட்டினா மறுபடி ஒட்டும் என்று 1920களில் செய்து காட்டினார். அவருக்கு முன்னால் இதே நோயோடு வந்தவர்களுக்குச் செய்ய ஒன்றுமே இருக்கவில்லை. இன்று பத்தில் எட்டுப் பேருக்கு மேல் முதல் ஆபரேஷனிலேயே ரெட்டினா ஒட்டிவிடுகிறது. வழி இருந்தும் நேரத்தை விட்டுவிடுவதுதான் எனக்குத் தாங்கவில்லை.

யார் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்? கிட்டப்பார்வை அதிகம் உள்ளவர்கள், குறிப்பாக மைனஸ் 6-க்கு மேல். கண்புரை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். கண்ணில் பந்தோ கையோ பட்டு அடி வாங்கியவர்கள். அடி பட்டுப் பல மாதம் கழித்தும் வரலாம். ஒரு கண்ணில் ஏற்கெனவே ரெட்டினா கழன்றவர்கள். குடும்பத்தில் யாருக்காவது வந்திருப்பவர்கள்.

வந்து போய்விட்ட நிழல்

ஒரு கண்ணில் திரை இறங்குகிறது. சில விநாடியோ சில நிமிடமோ இருட்டு. பிறகு திரை விலகி எல்லாம் பழையபடி. இங்கேதான் மனிதர்கள் ஏமாறுகிறார்கள்: "அதான் சரியாயிடுச்சே!"

சரியாகிவிட்டது என்பதுதான் எச்சரிக்கை. கழுத்து ரத்தக்குழாயிலிருந்தோ இதயத்திலிருந்தோ உறைந்த ரத்தத்தின் ஒரு சிறு துணுக்கு கிளம்பி, கண்ணின் குழாயைக் கொஞ்ச நேரம் அடைத்துவிட்டுக் கரைந்திருக்கலாம். அடுத்தது மூளைக்குப் போனால் பக்கவாதம். இதற்குக் கண் கிளினிக்கில் வரிசையில் உட்காரக் கூடாது; அன்றே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். கழுத்துக் குழாய், இதயம், ரத்த அழுத்தம் எல்லாம் பார்ப்பார்கள். ஒரு கண் திடீரென்று முழுக்க இருண்டு திரும்பாமலே இருந்தால் மணிக்கணக்கில் அல்ல, நிமிடக்கணக்கில் செயல்படுங்கள். ரத்தம் இல்லாமல் ரெட்டினா சில மணி நேரம்தான் தாங்கும்.

இரண்டு கண்ணிலும் ஒரே பாதி மறைந்தாலோ, நிழலோடு சேர்ந்து வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, கை கால் மரத்தாலோ, ஆம்புலன்ஸை அழையுங்கள்.

ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு இன்னொன்று. நெற்றிப்பொட்டில் புதிதாக வலி, தலை சீவும்போது தலைத்தோல் வலிப்பது, மெல்லும்போது தாடை நோவது, இவற்றோடு பார்வை வந்து வந்து மங்கினால் தலையின் ரத்தக்குழாய்களில் அழற்சி இருக்கலாம். ஸ்டீராய்டு மருந்து உடனே தொடங்காவிட்டால் மறு கண்ணும் சில நாளில் போகக்கூடிய நோய் இது. டாக்டரிடம் தாடை வலியையும் மறக்காமல் சொல்லுங்கள். கண்ணுக்கும் தாடைக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்துப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

நடுவில் நிழல், நெளியும் கோடு

நேரே பார்க்கும் இடத்தில் கறை, எதிரில் நிற்பவரின் மூக்கும் வாயும் மட்டும் மறைவது, கதவு நிலையோ கூரை ஓடுகளின் வரிசையோ நெளிந்து தெரிவது: இவை மாக்குலாவின் அறிகுறிகள். வயதால் வரும் தேய்மானம், அடியில் நீர் கோர்ப்பது, சிறு துளை என்று காரணங்கள் பல. கொனினின் மாணவர் மார்க் ஆம்ஸ்லர் இதற்காகவே ஒரு கட்டத் தாளை 1940களில் பழக்கத்துக்குக் கொண்டுவந்தார். இன்றும் அதுதான். கணக்கு நோட்டுக் கட்டத்தின் நடுவில் ஒரு புள்ளி வைத்து, வாசிக்கும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சுமார் 30 சென்டிமீட்டர் தூரத்தில் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் புள்ளியையே பாருங்கள். கோடு நெளிந்தாலோ, கட்டம் காணாமல் போனாலோ, புதிது என்றால் ஓரிரு நாளுக்குள் போங்கள். சில வகைகளுக்குக் கண்ணுக்குள் போடும் ஊசி இருக்கிறது. அதுவும் சீக்கிரம் தொடங்கினால்தான் பலன் தரும்.

இளம் வயதில் ஒரு கண்ணின் நடு மங்கி, கண்ணை அசைக்கும்போது வலித்து, சிவப்பு நிறம் வெளிறித் தெரிந்தால் பார்வை நரம்பில் அழற்சி இருக்கலாம். தள்ளிப்போடாமல் காட்டுங்கள். கண் சிவந்து, கடுமையாக வலித்து, விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரிந்து, குமட்டினால் கண் அழுத்தம் திடீரென ஏறியிருக்கலாம். அன்றே போக வேண்டும்.

பார்வை நரம்பு மெல்ல மெல்லப் பழுதாகும் நோயான க்ளாக்கோமா மெதுவாக வரும்போது நிழலே தெரியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பக்கப் பார்வை வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும், மூளை அந்த இடத்தை நிரப்பிக்கொண்டே இருக்கும். நாற்பதுக்கு மேல் அவ்வப்போது பரிசோதனை தேவை என்று சொல்வது இதற்காகத்தான்.

கண்புரை ஆபரேஷன் முடிந்த சில நாளில் காதுப் பக்கம் பிறை போல ஒரு நிழல் சிலருக்குத் தெரியும். உள்ளே வைத்த லென்ஸின் விளிம்பை ஒட்டி ஒளி விழும் விதத்தால் வருவது இது. பெரும்பாலும் தானே குறையும். ஆனால் ரெட்டினாத் திரையும் இதே இடத்தில் வரலாம் என்பதால், அதுதான் இது என்று டாக்டர் பார்த்துச் சொல்லட்டும்.

போகும் முன்பும் போன இடத்திலும்

ஒரு தாளில் வட்டம் போட்டு, அந்தக் கண்ணால் தெரிகிற நிழலை அப்படியே வரையுங்கள். பக்கத்தில் நேரத்தை எழுதுங்கள். இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி வரைந்தால் பரவுகிறதா என்று தெரிந்துவிடும். ஆனால் வரைவதற்காகக் கிளம்புவதைத் தாமதிக்காதீர்கள். காரில் உட்கார்ந்தும் வரையலாம். கண்ணாடி பவர், சர்க்கரை, ரத்த அழுத்தம், சாப்பிடும் மருந்துகள், முன்பு நடந்த கண் ஆபரேஷன், பட்ட அடி இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

போனில் நேரம் கேட்கும்போது சொல்கிற வார்த்தை முக்கியம். "பார்வை கொஞ்சம் மங்கல்" என்றால் அடுத்த வாரத்துக்குத் தேதி கிடைக்கும். "நேற்று மாலையிலிருந்து இடது கண்ணில் மட்டும் ஓரத்தில் திரை மாதிரி நிழல், நகராமல் நிற்கிறது" என்றால் பெரும்பாலும் உடனே வரச் சொல்வார்கள். ஆபரேஷன் தேவைப்படலாமா, அதுவரை சாப்பிடலாமா என்றும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

நீங்களே வண்டி ஓட்டிப் போகாதீர்கள். பாப்பாவை விரிக்கச் சொட்டு மருந்து விடுவார்கள். கொஞ்சம் எரியும், விரிய இருபது முப்பது நிமிடம் ஆகும், அதன்பின் நாலைந்து மணி நேரம் வெளிச்சம் கூசும், கிட்டத்தில் தெளிவாகத் தெரியாது. துணைக்கு ஒருவரும் கறுப்புக் கண்ணாடியும் வேண்டும்.

கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பது இதற்குப் போதாது. எழுத்துப் பலகையில் கடைசி வரி வரை வாசித்தாலும் ஓரத்தில் கிழிசல் இருக்கலாம். பாப்பாவை விரிக்காமல் எடுக்கும் ரெட்டினாப் படமும் ஓரத்தைத் தவறவிடலாம். "ரெட்டினாவை ஓரம் வரை பார்த்தீர்களா, டாக்டர்?" என்று கேட்பதில் தப்பே இல்லை. தலையில் விளக்கு மாட்டிக்கொண்டு, லென்ஸைப் பிடித்து, சில சமயம் இமைக்கு மேல் மெல்ல அழுத்தியும் பார்ப்பார்கள். அந்த வெளிச்சம் கண்ணைக் கூசத்தான் செய்யும், கெடுதல் இல்லை. ரத்தம் மறைத்தால் அல்ட்ராசவுண்ட் எடுப்பார்கள்.

வெறும் கிழிசல் என்றால் அதைச் சுற்றி லேசர் வைப்பார்கள். அன்றே வீட்டுக்கு வரலாம். தழும்பு உறுதியாக இரண்டு வாரம் வரை ஆகும். ரெட்டினா கழன்றிருந்தால் ஆபரேஷன்தான்: ஜெல்லியை எடுத்துவிட்டு வாயு நிரப்புவது, அல்லது கண்ணின் வெளிப்புறம் ஒரு பட்டை வைத்து அழுத்துவது. வாயு வைத்தால் டாக்டர் சொன்ன கோணத்தில் தலையை வைத்திருப்பது அலுப்பான வேலைதான், ஆனால் குமிழி சரியான இடத்தை அழுத்துவதற்கு அது வேண்டும். வாயு கரையும் வரை விமானப் பயணம் கூடாது. உயரத்தில் குமிழி விரிந்து கண் அழுத்தம் ஏறிவிடும். வாயு கரையாத அந்த நாட்களில் வேறு எந்த ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுப்பதாக இருந்தாலும் கண்ணில் வாயு இருப்பதை முதலில் சொல்லுங்கள்.

இதற்கிடையில் கண்ணைக் கசக்காதீர்கள், வீட்டில் மிச்சமிருக்கும் சொட்டு மருந்தை விடாதீர்கள். பூச்சியைக் கரைக்கும் சொட்டு, மாத்திரை, கண் பயிற்சி என்று விற்பவை எதுவும் கிழிசலை மூடாது. அவற்றை முயன்று பார்க்கிற நாட்களில்தான் ரெட்டினா உரிகிறது.

ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டால்

சந்தோஷமாக வீட்டுக்கு வாருங்கள். ஆனால் மறுபரிசோதனைக்குச் சொன்ன தேதியை விட்டுவிடாதீர்கள். ஜெல்லி பிரிந்து முடியச் சில வாரம் எடுக்கும், கிழிசல் தாமதமாகவும் விழலாம். அதனால் நாலிலிருந்து ஆறு வாரத்துக்குள் இன்னொரு முறை பார்ப்பது வழக்கம். நடுவில் பூச்சிகள் திடீரெனக் கூடினாலோ, மின்னல் அதிகமானாலோ, ஓரத்தில் நிழல் நின்றாலோ தேதிக்குக் காத்திருக்க வேண்டாம்.

பூச்சியோடு வாழ்வது முதல் மாதம் எரிச்சலாகத்தான் இருக்கும். எனக்கும் இருந்தது; வெள்ளைத் திரையில் எழுதும்போது வரிக்கு மேலே ஒரு நூல் உட்கார்ந்துகொள்ளும். கண்ணை மேலும் கீழும் ஓட்டினால் ஜெல்லி சுழன்று அது ஓரத்துக்குப் போகும். திரையின் பின்னணியைக் கருமையாக்கியது எனக்கு நிறைய உதவியது. சில மாதத்தில் மூளை அதைக் கவனிப்பதையே விட்டுவிடுகிறது. வேலையே செய்ய முடியாத அளவுக்குத் தொந்தரவு உள்ள சிலருக்கு ஜெல்லியை எடுக்கும் ஆபரேஷன் உண்டு. அதற்குப் பின் கண்புரை சீக்கிரம் வரும், அரிதாக ரெட்டினாவும் கழலலாம் என்பதால் டாக்டர்கள் எளிதில் சம்மதிக்க மாட்டார்கள்.

குழந்தைகள் நிழல் தெரிகிறது என்று சொல்ல மாட்டார்கள். புகைப்படத்தில் ஒரு கண் பாப்பா மட்டும் வெள்ளையாகத் தெரிவது, ஒரு கண்ணை மூடினால் மட்டும் அழுவது, புதிதாக மாறுகண் விழுவது: இவற்றில் எதைப் பார்த்தாலும் அந்த வாரமே கண் டாக்டரிடம் கொண்டுபோங்கள்.

வாரம் ஒருமுறை, ஒரே நாளில், ஒரே சுவரைப் பார்த்து ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்கும் பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். அரை நிமிடம் போதும். ஒரு கண்ணில் ஜெல்லி பிரிந்தவர்களில் பலருக்கு ஒன்றிரண்டு வருடத்தில் மறு கண்ணிலும் பிரியும். அப்போது அனுபவம் இருக்கிறதே என்று வீட்டில் இருந்துவிட வேண்டாம். முதல் கண்ணில் கிழியவில்லை என்பதால் இரண்டாவதும் கிழியாது என்று சொல்ல முடியாது. மறுபடி சொட்டு மருந்து விட்டுப் பார்க்கத்தான் வேண்டும்.